புள்ளியும் பல்லூடகமும்

தமிழாசிரியர் ஒருவர் மேடையேறிப் பல்லூடகம் பற்றிப் பேசத் தொடங்கினால் ஐந்து நிமிடங்களுக்குள் முத்தமிழ் வந்துவிடும். இயல், இசை, நாடகம் என்னும் மூன்றையும் ஒருங்கே கண்ட இனத்திற்குப் பல்லூடகம் புதிதன்று என்று அவர் முழங்குவார், அவையோர் கைதட்டுவர். நாமும் அத்தகைய உரைகளைக் கேட்டு மகிழ்ந்தவர்களே. எனினும் அவ்வொப்புமை பாதிவழி வரையே வரும். கூத்து மேடையில் பாட்டும் உரையும் ஆட்டமும் கூடி நின்றன. ஆயினும் பாட்டு பாட்டாகவும் ஆட்டம் ஆட்டமாகவுமே இருந்தன. கணிப்பொறியினுள் நிகழ்வது வேறு. அங்கே எழுத்து, ஓவியம், ஒலி, அசையும் படம் ஆகிய யாவும் தத்தம் உருவை இழந்து எண்களாகின்றன. ஒரே தட்டில், ஒரே கம்பியில், ஒரே வகைப் பண்டமாகப் பயணம் செய்கின்றன. திரையையும் ஒலிபெருக்கியையும் அடைந்த பின்னரே மீண்டும் எழுத்தாகவும் ஒலியாகவும் பிரிகின்றன. இந்த உருமாற்றத்தில் எது நிலைக்கிறது, எது விடுபடுகிறது, அதனை யார் முடிவு செய்கிறார் என்பன தமிழ் பயில்வோர் கேட்க வேண்டிய வினாக்கள். இவை நம் துறைக்கு ஏட்டளவில் எழுந்தவை அல்ல. இவ்வூர்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுப் பழைய பெட்டியிலிருந்து எழுந்தவை. அதனைக் கூறுமுன் சில அடிப்படைகளைச் சொல்லியாக வேண்டும்.

படத்தை எண்ணாக்க இரு வழிகள் உண்டு. இரண்டையும் நம் மண்ணின் தொழில்களைக் கொண்டே வகுப்பில் விளக்கி வருகிறோம். நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் மணமக்களின் பெயர்களைச் சாயக் கோரையால் நெய்து தரும் கலியாணப் பாய்களை மாணவர் பலர் கண்டிருப்பர். நூல் பாவாகவும் கோரை ஊடாகவும் அமைகின்றன. இரண்டும் கூடும் ஒவ்வோரிடத்திலும் நெசவாளர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இங்கே எந்த நிறம் என்பது ஒன்றே. அக்கேள்விக்கான விடைகளை வரிசையாக எழுதி வைத்தால் பாயின் முழு ஓவியமும் அதில் அடங்கிவிடும். திரையில் தோன்றும் ஒளிப்படமும் இத்தகையதே. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவு 0 முதல் 255 வரையுள்ள எண்களாகக் குறிக்கப்படுகிறது. மூன்றும் கூடி 1,67,77,216 நிறங்கள் பிறக்கின்றன. பாயில் நெய்த எழுத்தை நெருங்கிப் பார்த்தால் வளைவு மறைந்து படிக்கட்டு தெரிவது போல, இத்தகைய படத்தைப் பெருக்கினாலும் படிக்கட்டே தெரியும்.

மற்றொரு வழி ஏட்டில் எழுதுவோரின் வழி. எழுத்தாணி எங்கே ஊன்றியது, எப்பக்கம் வளைந்தது, எங்கே நின்றது என்று கையின் போக்கையே குறித்து வைப்பது. பிரான்சு நாட்டு ரெனோ மகிழுந்து நிறுவனத்தில் பணியாற்றிய பியர் பெசியே, வண்டிகளின் வளைந்த உடலைக் கணக்கால் வரைய 1960-களில் கையாண்ட வளைகோடுகள் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. கோட்டின் இரு முனைகளையும் அதனை இழுத்து வளைக்கும் இரு புள்ளிகளையும் சொல்லிவிட்டால் போதும். கோட்டை எத்துணை பெரிதாக்கினும் வளைவு குலையாது. ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985-இல் வெளிவந்து, அச்சுக்கோப்பவர் வேலையை மேசைக்கு மாற்றியபோது அதனோடு வந்த எழுத்துருக்கள் இவ்வகை வளைகோடுகளால் ஆனவை. மகிழுந்துக்காக வகுத்த கணக்கு நம் ழகரத்தின் வாலை வளைத்துத் தருகிறது என்று சொன்னால் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை.

ஒலியின் கதை காலத்தைத் துண்டாடும் கதை. மனிதச் செவி ஏறத்தாழ நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை உணரும். ஓர் அலையை மீட்டெடுக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட முறை அதனை அளந்திருக்க வேண்டும் என்பது நைக்குவிஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயர்களோடு வழங்கும் கோட்பாடு. ஆகவேதான் 1982-இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைத்தது. தொலைபேசிக்கோ நொடிக்கு 8,000 அளவைகளே போதும் என்று முடிவு செய்தனர். அதன் பயனாகத்தான் தொலைபேசியில் முகவரி சொல்லும்போது ‘எஃப்’, ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாமல் திண்டாடுகிறோம். அவற்றை வேறுபடுத்தும் மெல்லிய சீறொலி பெரும்பாலும் அந்த எல்லைக்கு அப்பால் உள்ளது. யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் இவ்வளவு போதும் என்று கோடு கிழித்தார்; அக்கோட்டுக்கு வெளியே இருந்த ஒலி நமக்கு இல்லாமற் போயிற்று.

இனி ஒரு சிறு கணக்கு. அகலத்தில் 640, உயரத்தில் 480 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்திற்கு 9,21,600 எண்கள் வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 படங்கள். அப்படியானால் ஒரு நொடிக்கு 2 கோடியே 30 இலட்சத்து 40 ஆயிரம் எண்கள். 650 மெகாபைட் கொண்ட குறுந்தகட்டில் இவ்வாறு அரை நிமிடப் படத்தைக்கூட முழுமையாக வைக்க இயலாது. அன்றைய முதல் தலைமுறைக் குறுந்தகட்டு இயக்கி நொடிக்கு 1,53,600 எண்களையே படித்துத் தரும். ஒரு நொடிப் படத்தைத் தருவதற்கு அதற்கு இரண்டரை நிமிடம் ஆகும்! கூட்டல் பெருக்கல் மட்டும் அறிந்தவர் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் பல்லூடகம் நடவாத காரியம் என்று எழுந்து போயிருப்பார்.

நடக்கச் செய்தவர்களுள் தலையாயவர் ஒருவரைப் பற்றி நம் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும். 1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவ்வூரில் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். ஒரு படத்தின் எண்களைக் கோசைன் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதினால், படத்தின் சாரம் மிகச் சில எண்களுக்குள் ஒடுங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் ஆய்வு நல்கை வேண்டி விண்ணப்பித்தார். கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பிட்டோர் கூற, நல்கை மறுக்கப்பட்டது. அவர் விட்டுவிடவில்லை. தம் மாணவர் டி. நடராசன், தம் நண்பரும் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவருமான கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 சனவரியில் ஓர் ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார். நான்கே பக்கக் கட்டுரை. 1992-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் படமுறை அதன்மீது எழுந்தது. படக்காட்சிச் சுருக்க முறைகளும் எம்.பி.3 இசையும் அதன் வழிவந்தவற்றைக் கையாளுகின்றன. பேரப்பிள்ளை துபாயிலிருந்து அனுப்பும் ஒளிப்படத்தைக் கைப்பேசியில் காணும் ஒவ்வொரு பாட்டிக்கும் இந்த மூவரும் கடன் கொடுத்தவர்கள். நசீர், நடராசன், ராவ் என்று மூன்று பெயர்கள் ஒரே கட்டுரையின் தலைப்பில் நிற்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, மறைப்பானேன்?

அம்முறை செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டாகச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 எண்களையும், மெல்ல மாறும் நிறப்பரப்பு எவ்வளவு, சட்டென மாறும் நுட்பம் எவ்வளவு என்று கூறும் 64 எடைகளாக மாற்றுகிறது. இதுவரை இழப்பு ஏதுமில்லை. பின்னர், மனிதக் கண் பெரும்பரப்பைக் கூர்ந்து காணும், நுண்ணிய துடிப்புகளை அத்துணை காணாது என்னும் உண்மையை வைத்துக்கொண்டு, நுட்பங்களுக்கான எடைகளைக் கரடுமுரடாகக் குறுக்குகிறது, பல சுழியமாகின்றன. வானமும் முகமும் மலரும் இவ்வாறு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் கண்ணுக்குக் குறை தோன்றுவதில்லை. எம்.பி.3 இதனையே செவிக்குச் செய்கிறது: ஓங்கிய ஒலியொன்றின் நிழலில் மறையும் மெல்லொலியை விட்டுவிடுகிறது. வடிவமைப்பு என்பது அழகுபடுத்துவது என்று நாம் எண்ணியிருந்தோம். பல்லூடகத்தில் அது பெரும்பாலும் எதை விடலாம் என்று தெரிந்து விடும் கலையாகவே இருக்கிறது.

ஆனால் எழுத்து வானத்தைப் போன்றதன்று. அதன் உயிரே சட்டென மாறும் விளிம்பில் இருக்கிறது. தமிழ் எழுத்திலோ விளிம்பைக் காட்டிலும் சிறிய ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் மெய்யெழுத்தின் இயல்பாக வகுத்த புள்ளி!

இவ்வூர்ப் பெரியவர் ஒருவர். அகவை எண்பதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் இரங்கூனில் வணிகம் செய்தவர். 1942-இல் சப்பானியர் அந்நகரைக் கைப்பற்றும் முன்னர் அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. தாள் பழுப்பேறி மடிப்புகளில் முறியத் தொடங்கியிருந்தது. தந்தையார் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையாக இருந்த பெரியவருக்குத் தந்தை என்றால் அந்தக் கையெழுத்துத்தான். பேரன் நம் துறை மாணவர். கடிதங்களை நகரத்தில் உள்ள ஒரு நிலையத்தில் கொடுத்து வருடியால் படமெடுத்துக் குறுவட்டில் கொண்டுவந்தார். கணிப்பொறித் திரையில் பளிச்சென்று வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து. பழுப்பும் கறையும் போயிருந்தன. வீட்டார் அனைவரும் வியந்தனர். பெரியவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு நம்மிடம் கூறினார்: “சார், வாப்பா ஒரு புள்ளி விட மாட்டாங்க. இது அவங்க கை இல்லை.”

உண்மைதான். அக்காலக் கையெழுத்தில் புள்ளி விடுபடுவது இயல்பு. இவரோ கணக்குப் பேரேடு எழுதிய கை, ஒவ்வொரு மெய்க்கும் புள்ளி வைத்தவர். திரையில் ‘கப்பல்’ ‘கபபல’ என்று நின்றது. நிலையத்தார் தாளைக் கருப்பு, வெள்ளை என்னும் இரண்டே நிறங்களில் படமெடுத்து, தூசி நீக்கும் வசதியையும் இயக்கியிருந்தனர். அந்த மென்பொருளுக்குச் சிறிய கரும்பொட்டு எல்லாம் தூசி. அதனை எழுதியவருக்கு மெய்யெழுத்தின் புள்ளி தெரிந்திருக்க வழியில்லை. ஆங்கிலத் தாள்களை மனத்தில் கொண்டு எழுதியிருப்பார். இடையிடையே தப்பிய புள்ளிகளையும் கடுஞ்சுருக்கம் எழுத்தின் தலையோடு சேர்த்து மங்கச் செய்திருந்தது.

மூலக் கடிதங்கள் கையில் இருந்தமையால் பிழைத்தோம். துறையின் வருடியிலேயே அங்குலத்திற்கு 600 படப்புள்ளிகள் வீதம், முழு நிறத்தில், இழப்பில்லாத டிஃப் கோப்பாக மீண்டும் எடுத்தோம். ஏ-4 அளவுத் தாள் ஒன்று இவ்வாறு 10 கோடிக்கும் மேற்பட்ட எண்களாகிறது. கறையும் இருக்கிறது, மடிப்பும் இருக்கிறது, புள்ளியும் இருக்கிறது. உறவினர்க்கு அனுப்புவதற்கு அதிலிருந்து சுருக்கிய படி ஒன்றைத் தனியே செய்துகொண்டோம். இவ்வரிசை முக்கியமானது. பெரியதிலிருந்து சிறியதை எப்போதும் பெறலாம். சிறியதிலிருந்து பெரியதைப் பெற எந்தக் கணக்கும் இல்லை. நம் சமுதாயத்து வீடுகளில் சிங்கப்பூர், பினாங்கு, கொழும்புக் கடிதங்களும் பத்திரங்களும் இன்னும் எத்தனையோ பெட்டிகளில் உள்ளன. அவற்றைக் கைப்பேசியில் ஒருமுறை படம் பிடித்துச் செய்திக் குழுவில் அனுப்பிவிட்டு, காத்துவிட்டோம் என்று மூலத்தைக் கரையானுக்கு விடும் வழக்கம் பெருகி வருவது கண்டு பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோளாகவே இதனை எழுதுகிறோம். குழுவில் செல்லும் படம் வழியிலேயே மறுபடியும் சுருக்கப்படுவது வழக்கம்.

கையெழுத்தின் நிலை இது. தட்டச்சிட்ட தமிழின் நிலை வேறொரு வகையில் இரங்கத்தக்கது. 1990-களில் டி.டி.பி. நிலையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவைக் கொண்டிருந்தன. ஆங்கில எழுத்துக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்த முறை அது. ஒருவருடைய ககரம் மற்றொருவருடைய மகரம். எழுத்துரு தொலைந்தால் எழுத்தும் தொலைந்தது. நம் துறையின் பழைய மலர்களின் பிளாப்பித் தட்டுகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்த குப்பையே தெரிகிறது. அச்சுப்படி அருகில் இருந்தமையால் மாணவர்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு மாற்று அட்டவணை ஒன்றை உருவாக்கி, மூன்று மலர்களை மீட்டனர். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணையம் மாநாடு டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 1991 முதலே தமிழைக் கொண்டிருந்த ஒருங்குறி பின்னர் பரவலாயிற்று. தமிழக அரசு 2010-இல் அதனையும் டேஸ்16 என்னும் குறியீட்டையும் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் போதுமா, 247 எழுத்துக்கும் தனியிடம் வேண்டாவா என்று தமிழறிஞரிடையே நீண்ட பூசல் உண்டு. நம் கருத்து: குறை இருப்பினும் எல்லாக் கருவிகளும் அறிந்த குறியீடு ஒன்று கிடைத்ததே பேறு.

குறியீடு சரியாக இருந்தும் காட்சி பிழைபடுவதுண்டு. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரத்தின் பின்னர் ஒகரக் குறியாகச் சேமிக்கப்படும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் இடுவது வரைந்து காட்டும் மென்பொருளின் கடமை. அக்கடமை அறியாத மென்பொருளில் செய்த பதாகைகளில் கொம்பு இடம் மாறி, ‘கெ’ என்பது ‘க’வும் கொம்புமாகத் தெருவோரம் நிற்பதை யாவரும் கண்டிருப்போம். ஆங்கிலத்திற்கு வகுத்த வரி உயரத்தில் தமிழை அடைத்து, மேலே ஈகாரச் சுழியையும் கீழே ஊகாரக் காலையும் அரிந்துவிடும் திரைகளும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் ‘பதிவிறக்கம்’ நுழையாது முறிவதும் இவ்வகையே. இவையெல்லாம் சிறு குறைகள் எனலாம். ஆனால் வடிவமைப்பவரின் அருகில் தமிழறிந்த ஒருவர் அமர்ந்திருந்தால் ஒரு நாழிகையில் தீரக்கூடியவை. இதனால்தான் இளங்கலைத் தமிழ் மாணவர்கள் வளைகோடும் குறியீடும் கற்க வேண்டும் என்று நாம் வலியுறுத்தி வருகிறோம். இலக்கணம் கற்பிக்கும் துறையில் இயந்திரத்திற்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்களுக்கு ‘கபபல’ என்ற அந்தத் திரையைக் காட்டுகிறோம்.

பகட்டு நிலைக்காது என்பதையும் இத்துறையில் கண்டோம். 1993-இல் வந்த என்கார்ட்டா என்னும் பல்லூடகக் கலைக்களஞ்சியம் 2009-இல் நிறுத்தப்பட்டது. இணையத்தில் அசையும் பாடங்களுக்கெல்லாம் அடிப்படையாயிருந்த பிளாஷ், 2020 திசம்பர் 31-உடன் கைவிடப்பட்டது. பாட்டும் படமுமாகக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்த வட்டுகள் நம் நூலகத்தில் ஒரு பேழை நிறைய உள்ளன. அவற்றை இயக்கும் பொறி இல்லை. ஆனால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் படமின்றி, இசையின்றி, வெறும் எழுத்தாக உள்ளிட்ட பழந்தமிழ் நூல்கள், குறியீடு மாறியபோதெல்லாம் தாமும் மாறி இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

இப்போது அம்மாணவர் தம் பாட்டனாரைக் கொண்டு அக்கடிதங்களை வாய்விட்டு வாசிக்கச் செய்து, நொடிக்கு 48,000 அளவைகள் வீதம் ஒலிப்பதிவு செய்து வருகிறார். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கையாளலாமா என்று கேட்டு வந்தார். கேட்டுப் பார்த்தோம். பின்னணியில் மின்விசிறியின் முனகல், தெருவில் மீன் விற்பவரின் கூவல், வாசிப்பவர் இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கும் ஒலி. மென்பொருள் விசிறியை நீக்கியபோது மூச்சும் சேர்ந்தே போயிற்று. நீக்கிய படி ஒன்றைக் குடும்பத்தார்க்கென்று வைத்துக்கொண்டு, நீக்காததை இரண்டு வன்வட்டுகளில் இட்டு, ஒன்றைத் துறையிலும் ஒன்றைத் தகரப் பெட்டியிலும் வைத்திருக்கிறார்.